ஆறு வாய் டிரிப்பர்

அத்தியாயம் 7

சிவகாசி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் சுந்தரபாண்டி முதலில் தேடியது உட்கார ஓர் இடம். விருதுநகரிலிருந்து நின்றுகொண்டே வந்திருந்தார். தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் பாக்கி. பஸ் கொள்ளாமல் வெடி வாங்க வந்த கூட்டம். ஐம்பத்து நாலு வயது முழங்கால்கள் இரண்டும் இனி எங்களை நம்பாதே என்று சொல்லிக்கொண்டிருந்தன.

"உக்காந்தீங்கன்னா எந்திரிக்க மாட்டீங்க சார். அப்புறம் நான் கிரேனுக்குச் சொல்லணும்," என்றாள் இசைவாணி.

இசைவாணி அவருடைய உதவியாளர். இருபத்தேழு வயது. எலக்ட்ரிகல் டிப்ளமா முடித்து, வேலை அமையாமல், விருதுநகர் பஜாரில் நோட்டுக் கடை மாடியிலிருந்த அவருடைய துப்பறியும் நிலையத்துக்கு டைப் அடிக்க வந்தவள். டைப் அடிப்பதைவிட வாயடிப்பதில் வேகம் அதிகம் என்பது முதல் வாரமே தெரிந்துபோயிற்று.

சுந்தரபாண்டி இருபத்திரண்டு வருடம் போலீசில் இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். ஏன் என்று யாராவது கேட்டால் வயிற்றுப்புண் என்பார். வயிற்றுப்புண் இருந்தது உண்மைதான். ஆனால் இந்த வட்டாரத்தில் வருடா வருடம் கருகிக் கிடந்தவர்களின் பெயர், தகப்பன் பெயர், வயது என்று எழுதி எழுதி அவர் கை சலித்துப்போனதும் உண்மை. எழுதிய எதுவும் எந்த முதலாளியையும் தொட்டதில்லை.

கையிலிருந்த வழக்கு சின்னதுதான். செவ்வாய்க்கிழமை மதியம், பட்டாசுக் கம்பெனி முதலாளி சீனிவாசகத்தின் வீட்டுச் சமையற்கட்டில், சமையல் வேலை பார்க்கும் குருவம்மாள் கரண்ட் அடித்துச் செத்துக் கிடந்தாள். கிரைண்டர் வயரில் தோல் உரிந்து கசிவு. கசிவு வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் கரண்டை நிறுத்த வேண்டிய டிரிப்பர், நிறுத்தவில்லை. இரண்டு மாதம் முன்பு அந்த டிரிப்பரை மாட்டியவன் மாரிக்கண்ணன் என்ற வயர்மேன். விசாரணை என்று கூட்டிப்போன போலீஸ் மூன்று நாளாக அவனை விடவில்லை. நாளை சனிக்கிழமை கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள்.

அவன் மனைவி பஞ்சம்மாள் நேற்று வந்து துப்பறியும் நிலையத்தின் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சுந்தரபாண்டி மறுக்கத்தான் நினைத்தார். மறுப்பதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே.

பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் மாரிக்கண்ணனைப் பார்த்தார்கள். உதடு வீங்கியிருந்தது.

"சத்தியமா புதுசுதான்யா மாட்டுனேன். எந்த வீட்டுல மாட்டுனாலும் டிரிப்பர் பக்கவாட்டுல என் பேரெழுத்தையும் தேதியையும் எழுதி வைப்பேன். போய்ப் பாருங்கய்யா. மா.க.ன்னு இருக்கும்."

*

சீனிவாசகம் வாசலுக்கே வந்து வரவேற்றார். மடிப்புக் கலையாத வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு.

"வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கீக. மோர் குடிக்கீகளா, கலர் சோடாவா?"

"மோர்," என்றார் சுந்தரபாண்டி, வயிற்றை நினைத்து.

"எனக்குக் கலர். எந்தக் கலரா இருந்தாலும் சரி," என்றாள் இசைவாணி.

"குருவம்மா பதினோரு வருசமா எங்க வீட்டுல சமைச்சவ. வீட்டுல ஒருத்தி மாதிரி. அவ குடும்பத்துக்கு வேண்டியதைச் செய்யுறேன்னு சொல்லிட்டேன். ஆனா தப்புப் பண்ணுனவன் ஒருத்தன் பதில் சொல்லணும்ல? மதியம் ஒரு மணிக்கு ஒரு பில்லு புக்கு எடுக்க வாரேன், மாவாட்டுன கிரைண்டர் பக்கத்துல கெடக்கா. பதறிப்போச்சு."

பேச்சில் ஒரு தடங்கல் இல்லை. பலமுறை சொல்லிப் பழகிய பேச்சு. சுந்தரபாண்டி இப்படிப்பட்ட பேச்சுகளைக் கேட்டுக் கேட்டே அரை ஆயுளைக் கழித்தவர்.

மாடிப்படிக்கு அடியில் மெயின் போர்டு. இசைவாணி டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

"மூணு தலைமுறை ஒரே போர்டுல குடித்தனம் பண்ணுது சார். மேல இருக்கிற வெள்ளைப் பீங்கான் தாத்தா. ஃபியூஸ். உள்ள ஒரு கம்பி, லோடு தாங்காம உருகிப்போகும், நாம திரும்பச் சுத்தணும். நடுவுல கருப்பா நிக்கிற நாலு பேரு எம்.சி.பி. லோடு ஏறினா தானா விழுவாங்க, தூக்கிவிட்டாப் போதும். இந்த ரெண்டு தலைமுறையும் வயரைத்தான் காப்பாத்துவாங்க. மனுசன் ஒட்டிக்கிட்டுச் செத்தாக்கூடக் கண்டுக்க மாட்டாங்க."

"மனுசனைக் காப்பாத்துறது யாரு?"

"கீழ இருக்கிற இவரு. டிரிப்பர்." சந்தன நிறத்தில், செங்கல் பாதி அளவுக்கு ஒரு பெட்டி. முகத்தில் ஒரு கைப்பிடி, ஓரத்தில் சின்னதாக ஒரு பட்டன்.

"இன்ஸ்பெக்டரும் அந்தப் பட்டனை அமுக்கிப் பாத்தாரு," என்றார் சீனிவாசகம். "நல்ல டிரிப்பரா இருந்தா அமுக்குனதும் விழணுமாம்ல? அசையவே இல்லை. அந்தப் பய டூப்ளிகேட்டை மாட்டிட்டுப் போயிட்டான்."

இசைவாணி அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. கூடத்து மின்விசிறி அது பாட்டுக்குச் சுற்றியது. பெட்டியின் இரண்டு பக்கவாட்டிலும் டார்ச் அடித்தாள். எழுத்து எதுவும் இல்லை. பிறகு வயர்கள் நுழையும் ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினாள்.

"ஆறு," என்றாள். அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

அவள் வாயை மூடினால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

சீனிவாசகத்தின் செல்போன் அடித்தது. "லோடு கிளம்பிருச்சா?" என்று கேட்டபடியே வாசல் பக்கம் போனார். அந்த நேரத்தில் மருமகள் சுகிர்தா மோரும் கலரும் கொண்டுவந்தாள். முப்பது வயதிருக்கும். கண் சிவந்திருந்தது.

"இந்தப் பட்டனை நீங்க எப்பவாவது அமுக்கியிருக்கீங்களாக்கா?" என்றாள் இசைவாணி.

சுகிர்தா வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "மாசத்துக்கு ஒருக்கா அமுக்கச் சொல்லி மாரிக்கண்ணன் சொல்லிட்டுப் போனாரு. இந்த ஒண்ணாந்தேதி அமுக்குனேன். வீடே அணைஞ்சு போச்சு. சட்னி அரைச்சுக்கிட்டிருந்த குருவம்மாக்கா, 'சொல்லிட்டு அமுக்கக் கூடாதாம்மா'ன்னு சத்தம் போட்டுச்சு."

"ஒண்ணாந்தேதி விழுந்தது, மூணாந்தேதி விழலை," என்றார் சுந்தரபாண்டி. "இதுக்கு முன்னாடி இருந்த பழைய டிரிப்பர் எங்கேம்மா?"

"பரண்ல போட்டு வச்சிருந்தோம்."

"செவ்வாக்கிழமை நீங்க வீட்டுல இல்லையோ?"

"காரியாபட்டியில அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. எங்க வீட்டுக்காரரும் நானும் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு விடியவே போயிட்டோம். வர ராத்திரி ஆயிருச்சு."

"அப்ப வீட்டுல ஆளே இல்லை. குருவம்மா யாருக்கு மாவு ஆட்டுனாங்க?"

சுகிர்தா வாயைத் திறந்தாள்.

"மாமா வாராக," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

*

தெருமுனை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும்தான் இசைவாணி பேசினாள்.

"சார், நம்ம ஊர்ல எல்லாரும் டிரிப்பர்னு ஒரே பேர்ல கூப்பிடுறாங்களே, அதுல ரெண்டு சாதி இருக்கு. பாக்க ஒரே மாதிரி இருக்கும். ரெண்டுலயும் பட்டன் உண்டு. ஆனா பழசுக்கு ஆறு வாய், புதுசுக்கு நாலு வாய்."

"கூட இருக்கிற ரெண்டு வாய் எதுக்கு?"

"எர்த் வயருக்கு. பழசு, பின்வாசல்ல மட்டும் உக்காந்திருக்கிற வாட்ச்மேன் மாதிரி. கசிவு எர்த் வயர் வழியாப் போனாத்தான் அவனுக்குத் தெரியும். ஆள் மேல பாஞ்சு தரை வழியாப் போனா அவன் பீடி குடிச்சிக்கிட்டு இருப்பான். புதுசு அப்படியில்லை. கம்பெனி கேட்டுல நின்னு, உள்ள எத்தனை பேரு போனாங்க, எத்தனை பேரு வெளிய வந்தாங்கன்னு எண்ணுறவன். ஒரு தலை குறைஞ்சாலும் கேட்டை இழுத்துச் சாத்திருவான்."

"அந்த வீட்டுல இப்ப இருக்கிறது பழசு."

"பழசேதான். அதுலயும் கூத்து என்னன்னா, அந்த ரெண்டு எர்த் வாயும் காலி. மாரிக்கண்ணன் புதுசை மாட்டினப்ப எர்த் வயர் ரெண்டையும் சேத்து முறுக்கி சிவப்பு டேப் சுத்தியிருக்காரு. அது அப்படியே பெட்டிக்குப் பின்னாடி தொங்குது. எர்த் இல்லாம பழசோட பட்டனை அமுக்கினா, அது சும்மா பல்லைக் காட்டும். அதான் இன்ஸ்பெக்டருக்கும் காட்டியிருக்கு."

சுந்தரபாண்டி மாத்திரை ஒன்றை விழுங்கி, ஆறிப்போன டீயைக் குடித்தார். "ஆக, ஒண்ணாந்தேதிக்கு அப்புறம் யாரோ புதுசைக் கழட்டிட்டு, பரண்ல கிடந்த பழசை மாட்டியிருக்காங்க. ஏன்?"

"புதுசு சொட்டுக் கசிவுக்கெல்லாம் விழும் சார். தீபாவளி நேரத்துல சும்மா சும்மா வீடு அணைஞ்சா முதலாளிக்குக் கோபம் வராதா? 'பழசையே போடுடா'ன்னு சொல்லியிருப்பாரு. மறுநாளே அந்தம்மா செத்திருப்பாங்க. இப்ப பழியை மாரிக்கண்ணன் தலையில கட்டுறாரு. கேஸ் முடிஞ்சது. பொரிச்ச பரோட்டா வாங்கிக் குடுங்க."

அவள் சொன்னது பொருந்தத்தான் செய்தது. ஆனாலும் சுந்தரபாண்டி எழுந்திருக்கவில்லை. யாருமில்லாத வீட்டில் ஒருத்தி எதற்கு மாவு ஆட்டினாள் என்பது அவருக்குச் செரிக்கவில்லை.

"புதுசு இருந்திருந்தா அவ அந்த வீட்டுல செத்திருப்பாளா?"

"கிரைண்டரைத் தொட்டு? சான்ஸே இல்லை. சுரீர்னு ஒரு அடி, அதுக்குள்ள கரண்ட் நின்னுருக்கும்."

"சரி, வா. புதுப்பட்டி போவோம்."

"பரோட்டா?"

"அங்கன போயிட்டு."

"நீங்க 'அங்கன'ன்னு சொன்னாலே அன்னைக்கு எனக்குச் சாப்பாடு கிடையாது சார்."

*

எம். புதுப்பட்டியில் குருவம்மாள் வீடு இருந்த தெருவே ஓய்ந்து கிடந்தது. சீசன் நேரம், எல்லோரும் கம்பெனிகளில். வானம் மூடிக்கொண்டு வந்தது. நேற்றும் முந்தாநாளும் பெய்த மழையில் தெரு சேறாகியிருந்தது.

கணவன் இருளாண்டி சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். விஸ்வநத்தத்தில் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை. துக்கத்துக்கு வந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

"நான் விடியுமுன்னே வேலைக்குப் போயிருவேன்யா. அவ வீட்டு வேலைக்குப் போனாளா, எங்கன போனான்னு எனக்குத் தெரியாது. முதலாளி வீட்டுலதான் கெடந்தான்னாக. எல்லாத்தையும் பாத்துக்கிடுறேன்னு சொல்லியிருக்காக. எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியலைய்யா."

அவரை மேலே கேட்க சுந்தரபாண்டிக்கு மனம் வரவில்லை. இந்த மௌனத்தின் எடை அவருக்குத் தெரியும். அப்பனும் மகளும் நாளைக்கும் பிழைக்க வேண்டும், அதுவும் இதே ஊரில்தான் பிழைக்க வேண்டும்.

மகள் ஸ்னேகா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது. அச்சகத்தில் லேபிள் வெட்டும் வேலை. மூன்று நாளாகத் தலை வாரவில்லை.

"அம்மா அன்னைக்கு வீட்டு வேலைக்குப் போகலை," என்றாள்.

"ஏ பிள்ளை, சும்மா கெட!" என்றார் இருளாண்டி.

"நான் ஏன் சும்மா கெடக்கணும்? காதுகுத்துக்குப் போறோம், நாளைக்கு வர வேண்டாம்னு சுகிர்தாக்கா சொல்லிவிட்டிருந்தாக. அந்த வீட்டுல வேலை இல்லாத நாள் அம்மா முதலாளியோட பட்டாசுக் கம்பெனிக்குப் போகும். அன்னைக்கும் தூக்குச்சட்டியில சோறு எடுத்துக்கிட்டு கம்பெனி வண்டியிலதான் ஏறுச்சு. நான் பாத்தேன்."

"அப்புறம் வீட்டுக்கு எப்படி வந்தாங்க?"

"முதலாளி இடையில கூப்பிட்டு அனுப்புனதாச் சொல்லுதாக." ஸ்னேகா தன் கையை விரித்து அதையே பார்த்தாள். "தூக்குறதுக்கு முன்னாடி நான்தான் அம்மா கையைக் கழுவிவிட்டேன். ரெண்டு கையும் வெள்ளி பூசின மாதிரி மினுமினுன்னு இருந்துச்சு. சோப்புப் போட்டுத் தேச்சேன், நகக்கண்ணுல இருந்து போகவே இல்லை. அப்படியேதான் கொண்டு போனோம்." விரித்த கையை மூடிக்கொண்டாள். "மாவு ஆட்டுன கையில மாவுல்லய்யா இருக்கணும்?"

இசைவாணி சுந்தரபாண்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

அலுமினியப் பவுடர். கம்பி மத்தாப்புக்கும் புஸ்வாணத்துக்கும் போடுவது. சமையற்கட்டில் அதற்கு வேலை இல்லை.

சுந்தரபாண்டிக்குள் காலையிலிருந்து இடறிக்கொண்டிருந்த ஒன்று புரண்டு விழுந்தது. இசைவாணியைத் தனியே அழைத்துக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் போனார்.

"நாம தலைகீழாப் பாத்துட்டோம்மா. டிரிப்பரை மாத்துனதால அவ சாகலை. அவ செத்ததாலதான் டிரிப்பரை மாத்தியிருக்காங்க."

இசைவாணி விழித்தாள்.

"கரண்ட் அடிச்சுத்தான் செத்திருக்கா. ஆனா அந்த வீட்டுல இல்லை, கம்பெனியில. வெடிமருந்து வேலை நடக்கிற இடத்துல கரண்ட் லைனே இருக்கக் கூடாது. இருந்து, அதுல ஒருத்தி செத்தான்னு தெரிஞ்சா லைசென்ஸ் போச்சு, சீசனும் போச்சு. அதனால உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து கிரைண்டர் பக்கத்துல போட்டிருக்காங்க. ஆனா அங்க ஒரு இடைஞ்சல்."

"மாரிக்கண்ணன் மாட்டின புது டிரிப்பர்," என்றாள் இசைவாணி மெதுவாக. "அது இருக்கிற வீட்டுல ஒருத்தி ஷாக் அடிச்சுச் செத்தான்னா எவனும் நம்ப மாட்டான்."

"ம். கதைக்கு ஏத்த மாதிரி கிரைண்டர் வயரை உரிச்சுவிட்டு, போர்டையும் மாத்தியிருக்காங்க. அந்த அளவுக்கு யோசிச்சுச் செய்ய முதலாளிக்குத் தெரியாது. எலக்ட்ரீஷியன் ஒருத்தன் கூட இருந்திருக்கான்."

திரும்பி வந்து ஸ்னேகாவிடம் கேட்டார். "கம்பெனியில கரண்ட் வேலை யாரும்மா பாக்குறது?"

"செல்வண்ணன். செல்வக்குமார். நாலு வீடு தள்ளித்தான் வீடு. அம்மாவைச் சித்தி சித்தின்னு சுத்தி வருவாரு." அவள் முகம் சுருங்கியது. "சாவுக்கு வரலை. தெருமுனையில நின்னு பாத்துட்டுப் போயிட்டாரு."

*

செல்வக்குமார் வீட்டில் ஒரே அறை. சிமெண்ட் ஷீட் கூரை. அவன் மனைவி பாலம்மாள் சேலைத் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவன் மின்விசிறிக்குக் கீழே பாயில் கிடந்தான். மூன்று நாளாகக் காய்ச்சல் என்றாள் அவள்.

சுந்தரபாண்டி யார் என்று சொல்லிக்கொண்டு கதவோரம் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபோதே களைப்பு ஆளை அமுக்கியது. என்ன கேட்பது, எங்கே தொடங்குவது என்று யோசிக்கையில் இசைவாணி அவர் தோளைத் தொட்டாள். கதவுக்குப் பின்னாலிருந்த சுவரைக் கை காட்டினாள்.

அங்கே மீட்டர். அதற்குக் கீழே பழைய பீங்கான் ஃபியூஸ் ஒன்று. அதற்குப் பக்கத்தில், புகை படிந்த அந்தச் சுவருக்குக் கொஞ்சமும் பொருந்தாமல், வெள்ளை வெளேரென்று ஒரு டிரிப்பர்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு," என்று எண்ணினாள் இசைவாணி. "ஒரு ஃபேன், ரெண்டு லைட். இதுக்கு மாளிகைக்குப் போடுற டிரிப்பரா அண்ணே?"

செல்வக்குமார் எழுந்து உட்கார்ந்தான். அவள் பட்டனை அமுக்கினாள். டக்கென்று கைப்பிடி விழுந்தது. மின்விசிறி தயங்கித் தயங்கி நின்றது. தொட்டிலுக்குள் குழந்தை சிணுங்கியது. டார்ச் வெளிச்சம் டிரிப்பரின் பக்கவாட்டில் விழுந்தபோது கறுப்பு மையில் எழுத்து தெரிந்தது: மா.க. 12.8.06.

சுந்தரபாண்டி அவசரப்படுத்தவில்லை.

"தகர ஷெட்டுய்யா," என்றான் செல்வக்குமார் கடைசியில். "கம்பெனிக்குப் பின்னாடி, கருவேலங்காட்டுக்குள்ள, லைசென்ஸ் இல்லாம போட்டது. மழை மூட்டம், பகல்லயே இருட்டா இருக்கு, ஆர்டர் முடியணும், லைட்டு போடுன்னாக. ஆபீஸ்ல இருந்து நான்தான் லைன் இழுத்தேன். வேண்டாம்னு சொன்னேன்யா. சொல்லிக்கிட்டேதான் இழுத்தேன். பதினொரு மணி இருக்கும், மழைத்தண்ணி இறங்கி தகரம் பூராக் கரண்ட். சித்தி தூணைப் பிடிச்சிருச்சு."

பாலம்மாள் தொட்டில் கயிற்றை விட்டுவிட்டு அவனையே பார்த்தாள். அவளுக்கும் இது புதிது.

"போர்டை மாத்துனது நீதானே?"

"ஆமா. பரண்ல இருந்த பழசை மாட்டச் சொன்னாக. இதைக் கம்மாயில எறிஞ்சிரச் சொன்னாக."

"ஏன் எறியலை?"

"கம்மாய்க்கரை வரைக்கும் போனேன்யா. கையில வச்சுக்கிட்டே நின்னேன். இது ஒண்ணு அந்த ஷெட்டுல இருந்திருந்தா சித்தி இன்னைக்கு இருக்கும். பிள்ளை இப்பத்தான் தவழுது, கண்ட வயரையும் பிடிச்சு இழுக்குது..." முகத்தை மூடிக்கொண்டான்.

"எர்த் வாய் ரெண்டையும் காலியா விட்டது அவசரத்துலயா?" என்றாள் இசைவாணி.

"வேணும்னேதான் விட்டேன். விவரம் தெரிஞ்சவுக யாராவது வந்து பாத்தா மாட்டிக்கிடட்டும்னு."

அது உண்மையா, இப்போது தோன்றிய சமாதானமா என்று சுந்தரபாண்டிக்குத் தெரியவில்லை. மூன்று நாளாக மாரிக்கண்ணன் அடி வாங்கிக்கொண்டிருந்தபோது இவன் இங்கே இந்த மின்விசிறிக்குக் கீழேதான் படுத்திருந்தான். ஆனாலும் ஸ்டேஷனில் வந்து சொன்னால் போதும். மாரிக்கண்ணன் வீட்டுக்குப் போய்விடுவான். அவரளவில் வழக்கு முடிந்துவிட்டது.

"இதைக் கழட்டாதே. இப்படியே இருக்கட்டும், அவங்க வந்து பாக்கட்டும். கிளம்பு, ஸ்டேஷனுக்குப் போவோம்."

"அண்ணே."

வாசலில் ஸ்னேகா நின்றாள். எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. அழவில்லை. அவளுடைய குரல் தண்ணீர் கேட்பதுபோல் சாதாரணமாக இருந்தது.

"வண்டியில ஏத்தும்போது அம்மாவுக்கு உசுரு இருந்துச்சா?"

இருபத்திரண்டு வருடம் போலீசில் இருந்தவருக்கு இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தோன்றியிருக்கவில்லை. சுந்தரபாண்டி செல்வக்குமாரின் முகத்தைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் பதில் தெரிந்துவிட்டது.

"இருந்துச்சுன்னா சொல்லுங்கண்ணே. இல்லைன்னாலும் சொல்லுங்க."

"மொனகிக்கிட்டு இருந்துச்சு," என்றான் செல்வக்குமார், தரையைப் பார்த்து. "தண்ணி கேட்டுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு காலைப் பிடிச்சேன் தாயி. எங்கன அடிச்சதுன்னு கேப்பாக, வீட்டுக்குக் கொண்டு போ, டாக்டரை அங்க வரச் சொல்லுறேன்னாரு முதலாளி. டாக்டர் வரலை. சமையக்கட்டுல எறக்கும்போது... அப்பத்தான்..."

"எம்புட்டு நேரம்?"

"அரை மணி நேரம் இருக்கும்."

"ஆஸ்பத்திரி வாசல் வழியாத்தானே வண்டி போச்சு?"

அவன் தலை மட்டும் அசைந்தது.

இசைவாணி சுவரோடு சாய்ந்து நின்றாள். கையிலிருந்த டார்ச்சை அணைக்கக்கூட மறந்திருந்தாள்.

சுந்தரபாண்டி செல்போனை எடுத்தார். விபத்தை மறைத்த வழக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தது, அந்த அரை மணி நேரத்தால் வேறாகிவிட்டது. மாரிக்கண்ணனின் வக்கீலுக்குப் போட்டார். "நாளைக்கு வரைக்கும் பொறுக்க வேண்டாம் சார். இப்பவே ஸ்டேஷனுக்கு வந்துருங்க. நீங்களும் கூட இருந்து எழுதி வாங்கணும். சாகக் கிடந்தவளை ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிக் கொண்டு போயிருக்காங்க." போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நானும் வாரேன்," என்றாள் ஸ்னேகா. "எழுதும்போது தண்ணி கேட்டதையும் எழுதணும்."

அவளுக்குப் பின்னால் சேற்றில் யாரோ நடந்து வரும் சத்தம். இருளாண்டி. சட்டை போட்டு, துண்டைத் தோளில் போட்டிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. மகளின் பக்கத்தில் வந்து நின்றார்.

இசைவாணி ஆட்டோ பிடிக்க ஓடினாள்.

செல்வக்குமார் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டினான். பித்தான்களைப் போட முயன்றான். ஒன்றுகூடத் துளைக்குள் நுழையவில்லை. பாலம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல், கீழிருந்து மேலாக, ஒவ்வொரு பித்தானாகப் போட்டுவிட்டாள்.